சினைச் சுறா கேட்ட ஊர்

கடலில் பெரிய சுறாக்கள் அற்றுப்போய்க்கொண்டிருக்கின்றன என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். பெரிய பெரிய வலை, எஞ்சின் வைத்த படகு, சுறாவின் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைத் தூக்கி எறிகிறவர்கள் என்று காரணம் காரணமாக அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்காதுதான். ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் நடுவில், கடலைக் கண்ணால் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லாத ஒரு கிராமத்துப் பெண்கள் சுறாவை என்ன செய்திருக்க முடியும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தெரியும். தெரிந்ததை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லாமல் இருந்துவிட்டு, இப்போது பேப்பரைப் பார்த்து எரிச்சல்படுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளையை அம்மா வீட்டில் பெற்றேன், ஒரு குறையும் இல்லை. இரண்டாவதைப் புருஷன் வீட்டிலேயே பெற்றேன். பெண் குழந்தை. பிறந்து எட்டு நாள் ஆகியும் எனக்குப் பால் ஊறவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்க்கும், அழும், மறுபடியும் சப்பும். எருமைப் பாலில் தண்ணீர் விட்டுச் சங்கில் புகட்டினால் பாதியைக் கக்கிவிடும். முதலில் ஊரே எழுந்து வருகிற மாதிரி அழுதாள். அப்புறம் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்ததைப் பார்த்து, “புள்ள அடங்கிட்டா, நல்லா தூங்கறா” என்றார்கள். அவள் அடங்கவில்லை. அழுவதற்குத் தெம்பில்லை. கன்னம் ஒட்டி, கிழவி முகம் மாதிரி ஆகிவிட்டது.

பால் ஊற வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான். சுறாக் கருவாடு.

எங்களுக்குச் சுறா என்றால் பலகை. மஞ்சளும் பழுப்புமாக, உப்புப் பூத்து, விறைத்துப்போன பலகை. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி சிங்காரப்பேட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவார். தலையும் வாலும் அங்கேயே போய்விடும், பலகை மட்டும் எங்களுக்கு வரும். தலை, வால் இல்லாத மீன் அது என்று கல்யாணமாகும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் துண்டு போட்டு, வேகவைத்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டாகத் தாளித்துப் பிள்ளை பெற்றவளுக்குக் களியோடு கொடுப்பார்கள்.

இதில் என் மாமியாருக்கு ஒரு தனி நம்பிக்கை உண்டு. அவருக்கு மட்டும் என்றில்லை, ஊருக்கே உண்டு. சுறாவிலும் சினைச் சுறாதான் உசத்தி. வயிற்றில் குட்டி இருக்கும்போது பிடித்ததாக இருக்க வேண்டும். அதன் உடம்பில் பால் ஊறத் தயாராக இருக்கும், அதைத் தின்றவளுக்கும் ஊறும். இந்தக் கணக்கை முதலில் யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியாது.

வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் ஒரு முழத்துக்கும் குறைவான, தலையும் வாலும் நறுக்கிய இரண்டு குட்டிக் கருவாட்டைக் கொண்டுவந்தார்.

“இது என்னாடா, ஓணானா?” என்றார் மாமியார்.

“சுறாதாம்மா. சின்னது.”

“சின்னதத் தின்னா எங்கிருந்து பால் வரும்? அதுவே பால் குடிக்கிற புள்ளையாட்டம் கெடக்குது. தாய்ச் சுறா வாங்கியாடான்னு தானே அனுப்புனேன்?”

“பெருசு வர்றதில்லயாம்மா. வியாபாரி சொல்றான். முன்னெல்லாம் கரையோரமே கெடைக்குமாம், இப்ப ரெண்டு நாள் உள்ள போனாலும் இதுதான் மாட்டுதாம்.”

“அவன் சொன்னா நீ கேட்டுகினு வந்துட்டியா? கடலு என்னா, நம்மூரு ஏரியாட்டம் வத்திப்போச்சா? நல்லதையெல்லாம் கிருஷ்ணகிரி வழியா பெங்களூருக்கு ஏத்திட்டு நம்ம தலையில இதக் கட்டறான்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். எனக்கு அப்போது சுறாவின் மேல் எந்த இரக்கமும் இல்லை. எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, வயிற்றில் எத்தனை குட்டி இருந்தாலும் சரி, கொண்டுவந்து என் வாயில் போடுங்கள், இவள் பிழைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் கிடையாது. பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும், குழந்தைக்குச் சளி கட்டும் என்பார்கள். காலையில் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் ஒரு டம்ளர். அவ்வளவுதான். அம்மா வீட்டில் இந்தக் கெடுபிடி இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அந்த வீட்டுப் பழக்கம் அது, இந்த வீட்டுப் பழக்கம் இது என்று இருந்துவிட்டேன்.

இதில் கருவாட்டை ஊறவைத்து உப்பு இறக்கவும் மாமியார் விடமாட்டார். “சத்தெல்லாம் தண்ணியோட போயிடும்” என்பார். ஆக, உப்புப் பலகையைத் தின்னக் கொடுத்துத் தண்ணீரைப் பூட்டி வைப்பார்கள். இப்படி ஒரு வைத்தியத்தை வேறு எந்த ஊரிலாவது செய்வார்களா? என் மாமியார் கெட்டவர் இல்லை. நாள் முழுக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதவர் அவர். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தார்.

நான் படுத்திருந்த அறைக்குப் பின்னால்தான் எருமைக் கொட்டகை. கறவை எருமை. தினம் கறப்பதற்கு முன்னால் மாமியார் கழுநீர்த் தொட்டியை நிரப்பி, “குடிடி, நல்லா குடி, குடிச்சாத்தானே சொரப்ப” என்று அதன் முதுகைத் தட்டிக் கொடுப்பார். அது உறிஞ்சுகிற சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எருமைக்குத் தெரிகிற நியாயம் எனக்கு இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமியாரிடம் நான் அதிகம் பேசியதே இல்லை.

அந்த வாரம், பிரசவமான வீடுகளைப் பார்க்கிற சர்க்கார் நர்சம்மா வந்தார். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வாசலில் நின்ற மாமியாரிடம் திரும்பினார்.

“ஏனம்மா இது, நாக்கு இப்படி ஒணங்கிக் கெடக்குது? நீரு கொடி. தண்ணி, தண்ணி! கேக்கறப்பல்லாம் கொடுங்க. கொழந்தய ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுங்க. பால் தானா வரும்.”

“குடுக்கறேம்மா, குடுக்கறேன்” என்று மாமியார் தலையைத் தலையை ஆட்டினார்.

நர்சம்மா ஒரு சின்னப் பாட்டிலில் மீன் எண்ணெய் கொடுத்தார். அதுவும் சுறாவின் ஈரலில் எடுத்ததாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்களாம். உடம்பு எங்களுக்கு, ஈரல் சர்க்காருக்கு. சுறாவுக்கு என்று ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது.

அவர் வரப்பைத் தாண்டியதுதான் தாமதம், மாமியார் உள்ளே வந்தார். “கண்ணாலம் ஆவாத பொண்ணு, இவ வந்து புள்ளத்தாச்சி வெவகாரம் சொல்லித் தர்றா நமக்கு. கேட்டியாடி? தண்ணி குடுக்கணுமாம்!” என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த சந்தைக்கு வீட்டுக்காரர் விடியும் முன்பே போய் வியாபாரி வரும்வரை காத்திருந்தாராம். குழந்தையின் நிலைமையைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாராம். வியாபாரிக்கும் மனசு கேட்காமல், வேறு யாருக்கோ வைத்திருந்த ஒரு பலகையை எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என் நெஞ்சகலம் இருந்தது.

“வயித்துல ஏழு குட்டி இருந்துச்சாம்மா” என்றார், ஏதோ பரிசு வாங்கி வந்தவர் மாதிரி. “இது முட்ட போடாதாம். ஆடு மாடாட்டம் குட்டிதான் போடுமாம்.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் மாமியார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

ஏழு குட்டி என்றதும் எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. பக்கத்தில் கிடந்த என் குட்டியைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

மதியம் களியோடு அந்தப் புட்டைத் தின்றேன். உப்பென்றால் அப்படி ஓர் உப்பு. சாப்பிட்டு முடித்ததும் மாமியார் வயலுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரரும் இல்லை. மூத்தவளை அக்கம்பக்கத்தில் யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். தண்ணீர்ப் பானை சமையலறையில் இருக்கிறது. பிள்ளை பெற்ற தீட்டு என்பதால் நான் அங்கே போகக் கூடாது. போனால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மாமியார் பார்த்ததும் சொல்லிவிடுவார். எனக்குத் தொண்டை பற்றி எரிந்தது. உதடு வெடித்து ரத்தம் வந்தது. குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எருமைக்கென்று இறைத்து வைத்த குடம் ஒன்று, கழுநீர் கலக்காமல், தொட்டி ஓரத்தில் நிறைந்திருந்தது. குடத்தைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் மண்டிபோட்டு, அதைச் சாய்த்து வாயை வைத்துக் குடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தேன். எருமை என்னைத் திரும்பிப் பார்த்தது. மனுஷி எருமைத் தண்ணீரைக் குடிக்கிறாளே என்று அது நினைத்திருக்கும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேனே தவிர, குடத்திலிருந்து வாயை எடுக்க முடியவில்லை.

மறுநாளும் குடித்தேன். அதற்கு அடுத்த நாள் காலையும் மதியமும் குடித்தேன். மூன்றாம் நாள் குழந்தை சப்பும்போது கடைவாயில் வெள்ளையாக வழிந்தது. முழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன், மாமியார் அழுதார். ஒரு வாரத்தில் அவள் பழையபடி ஊரைக் கூட்டி அழ ஆரம்பித்தாள்.

மாமியார் அந்தக் கருவாட்டில் மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். “பாத்தியா? ஏழு குட்டி வயித்துல இருந்த சுறா. தின்ன மூணாம் நாளு கொடகொடன்னு கொட்டுது எம்மருமவளுக்கு.” பெண்கள் வந்து குழந்தையைப் பார்த்தார்கள், என் மாரைப் பார்த்தார்கள், கருவாட்டை மோந்து பார்த்தார்கள். “அப்படியாடி?” என்று என்னைக் கேட்டார்கள். எருமைக் குடத்தில் வாய் வைத்துக் குடித்தேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து எங்கள் ஊரில் மட்டும் இல்லை, சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் சினைச் சுறாதான் கேட்டார்கள். பலன் தெரிந்துவிட்டதே! சாட்சிக்கு நான் இருக்கிறேனே! வருஷத்துக்கு வருஷம் பலகை சிறுத்துக்கொண்டே வந்தது. என் நெஞ்சகலம் இருந்தது ஒரு சாண் ஆனது. சாண் நாலு விரல் ஆனது. சிறுக்கச் சிறுக்க, “பெருசா பாத்து எடு” என்று கேட்பதும் அதிகமாகியது.

நாலு வருஷம் கழித்து ஒரு சந்தைக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு நானும் போக வேண்டி வந்தது. அவருடைய மருமகள் பிள்ளை பெற்றிருந்தாள், அவளுக்கும் பால் போதவில்லை. நான் வந்தால் நல்ல கருவாடாக அமையும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. அன்றைக்குத்தான் அந்த வியாபாரியை நேரில் பார்த்தேன். கறுத்து மெலிந்த மனிதர். அவர் கடைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு, இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் மாதிரி ஒன்று தொங்கியது. வேளா என்கிற மீனின் மூக்காம். அவருடைய அப்பா காலத்தில் வலையில் விழுந்ததாம். வண்டி மாடு கட்டித்தான் கரைக்கு இழுத்தார்களாம். “அதுக்கப்புறம் எங்க கண்ணுல வேளாவே படல. எம்புள்ளைங்க இதப் பாத்துட்டு மரத்துல செஞ்சதுங்குதுங்க” என்றார்.

அக்காவுக்கு அதெல்லாம் வேண்டாம். “அது கெடக்கட்டும். சினைச் சுறா எடு. இவளுக்குக் குடுத்தியே, அது மாதிரி” என்று என்னைக் காட்டினார்.

வியாபாரி கூடைக்குள் கையை விட்டு, ஒரு சாண் நீளத்தில் எட்டுக் குட்டிகளை எடுத்துப் போட்டார்.

“இதான் இருக்குது.”

“இது குட்டியில்ல? நான் தாயக் கேட்டா நீ குட்டிய எடுத்துப் போடறியே!”

அவருக்கு ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. “தாயி, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். உங்க ஊர்ல சினை ஆட்ட அறுப்பீங்களா?”

“ஐயய்யோ! எந்தப் பாவி அறுப்பான்?”

“சினையா இருக்கற மாட்ட அடிமாட்டுக்கு ஓட்டுவீங்களா?”

“வாயக் கழுவுய்யா!”

“அப்ப இத மட்டும் வாராவாரம் சினையாத்தான் வேணும்னு கேக்கறீங்களே? நீங்க கேக்கறீங்கன்னு நான் அங்க போயிக் கேக்கறேன். நான் கேக்கறேன்னு அவனுங்க, அது குட்டி போட ஆழமில்லாத எடத்துக்கு ஒதுங்குது பாருங்க, அங்கயே போயி வலையப் போடறானுங்க. தாயப் புடிச்சாச்சு. வயித்துல இருந்த குட்டியும் போச்சு. மிச்சம் மீதி நீந்திகினு இருந்த குட்டிதான் இது. இதையும் தின்னுட்டீங்கன்னா அடுத்த வருசம் நான் எதக் கொண்டாந்து விப்பேன்? என் தலையவா?”

“அது மீனுதானேய்யா” என்றார் அக்கா. “என்னமோ ஆடு மாடுங்கற.”

வியாபாரி என்னைப் பார்த்தார். “நீங்கதானா அது? உங்கள வெச்சுத்தான் இந்தச் சந்தையில பேச்சே.”

அந்த இடத்திலேயே, சுறா இல்லை ஐயா, தண்ணீர் என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் சனம். வாய் வரைக்கும் வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த கடை மிளகாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா எட்டுக் குட்டியையும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில், புளியமரத்தைத் தாண்டி ஆளில்லாத இடத்துக்கு வந்ததும், எப்படியோ தைரியம் வந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் பால் வந்தது கருவாட்டால இல்ல. நான் தண்ணி குடிச்சேன். உங்க மருமவளுக்குத் தண்ணி குடுங்க. வேணுங்கற அளவுக்குக் குடுங்க. தானா வரும்.”

அக்கா நின்றுவிட்டார். கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓகோ. ஒனக்கு மட்டும் ஏழு குட்டி வெச்சிருந்த சுறா. எம்மருமவளுக்குப் பச்சத் தண்ணியா? நல்லாருக்குதுடி ஒன்னோட ஞாயம்!”

“அதுக்கில்லக்கா...”

“ஒங்கத்த இம்மாம் பெரிய பலகையத் தூக்கிகினு தெருத்தெருவா காட்டுனாங்களே, அது பொய்யா? அப்ப வாயத் தொறக்கல. இப்ப எனக்குன்னு வந்ததும் தண்ணிங்கற. போடி.”

அவர் சொன்னதில் பாதி சரி. அப்போது வாயைத் திறக்கவில்லைதான். வீடு வந்து சேரும்வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். கூடையிலிருந்து அந்த எட்டுக் குட்டிகளின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுறாவுக்கு வால் உண்டு என்று நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். முழுசாகக் காயவைக்கிற அளவுக்குச் சின்னதாகிவிட்டது, அதனால் வால் தெரிந்தது.

மறுநாள் அக்கா களத்துக்குப் போன நேரம் பார்த்து, உறைமோர் கேட்கிற சாக்கில் அவர் வீட்டுக்குள் போனேன். மருமகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயசு. அவள் குழந்தையின் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. ஒட்டிய கன்னம், கிழவி முகம்.

“தாகம் எடுக்குதா?” என்றேன்.

அவள் கண் கலங்கியது. தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு சொம்பு கொடுத்தேன்.

“தெனம் இப்படிக் குடி. உங்கத்த இல்லாதப்ப குடி. நான் வந்து மொண்டு தர்றேன்.”

“அப்ப அந்தக் கருவாடு?” என்றாள். “நாத்தம் புடுங்குது. தின்னா இன்னும் எரியுது. வேணாம்னு சொல்லிடட்டா?”

நான் வாசலை ஒரு தரம் பார்த்தேன்.

“சொல்லாத. அதையும் தின்னுடு. இல்லன்னா சந்தேகம் வரும்.”

நாலாம் நாள் அவளுக்குப் பால் வந்தது. பெயர் சுறாவுக்குப் போனது. குட்டிச் சுறாவாலும் பால் வரும் என்று அக்கா சந்தையில் போய்ச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பெண்கள் குட்டியையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்து நாலைந்து வீடுகளில் நான் அதே மாதிரி பின்வாசல் வழியாகப் போனேன், தண்ணீர் மொண்டு கொடுத்தேன், கருவாட்டையும் தின்னச் சொன்னேன். எல்லாக் குழந்தையும் பிழைத்தது. ஒவ்வொரு குழந்தை பிழைத்தபோதும் சந்தையில் இன்னும் பத்து வீட்டுக்காரர்கள் சுறா கேட்டு நின்றார்கள்.

பிறகு ஒரு கோடையில் வியாபாரியின் கூடையில் நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் மட்டும்தான் இருந்தன. பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். “எல்லாத்தையும் பெங்களூருக்கு அனுப்பிட்டு எங்கள ஏமாத்தறியா?” என்று அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டார். வியாபாரி கூடையைக் கவிழ்த்துக் கொட்டிக் காட்டினார். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். ஒருத்தி திரும்பி, “நீயாச்சும் கேளேன்டி, உன் பேச்சுன்னா அவன் கேப்பான்” என்றாள். நான் கேட்கவில்லை. அவர்களிடமும் ஒன்றும் சொல்லவில்லை.